தேத்தண்ணிக் கடையில் இருந்த இரண்டு பேர்

கெலிஓயா,
12.01.2025

மதிப்புக்குரிய வீரையா அவர்களுக்கு,

நீங்கள் என்னை அறிய மாட்டீர்கள். என் பெயர் ஸுமைரா. கெலிஓயாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். போன ஒக்டோபர் பதினாறாம் திகதி உங்கள் தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் மலை சரிந்தபோது காணாமல் போன றம்லத் டீச்சர் என் உடன்பிறந்த ராத்தா, எனக்கு மூத்தவர். உங்கள் ஊர்ப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அங்கே அவரை அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது.

அதே இடத்தில்தான் நீங்களும் மனைவியை இழந்தீர்கள் என்று கிராம சேவகர் சொன்னார். உங்கள் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன். உங்கள் மகளின் போன் நம்பரையும் அவர் தந்தார். இரண்டு தடவை அழைத்தேன். மகளின் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். கேட்க வேண்டியதை வாயால் கேட்க முடியவில்லை. எழுதவும் வரவில்லை. இது நான் எடுத்த நான்காவது தாள்.

ஒன்பதாம் நாள் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. கண்டிப் பக்கப் பாதை அடைபட்டிருந்ததால் எங்கள் மூத்த சகோதரர் மஹ்மூத் நானா சுற்றிக்கொண்டுதான் வைத்தியசாலைக்குப் போனார். அதற்குள் நீங்கள் அடையாளம் காட்டி எடுத்துப் போய்விட்டீர்கள். பிறகு வேறு உடல் கிடைக்கவில்லை.

போன கிழமை, அன்று பிரேத அறையில் வேலையில் இருந்த ஒருவரை நானா தற்செயலாகச் சந்தித்தார். அந்த உடலின் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, நீளமாக ஒரு தையல் தழும்பு இருந்ததாக ஞாபகம் என்று அவர் சொன்னாராம். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னாராம். ராத்தா ஐந்து வருடத்துக்கு முன் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். உள்ளே இரும்புத் தகடு வைத்துத்தான் தைத்தார்கள்.

உங்கள் மனைவிக்கும் அப்படி ஒரு தழும்பு இருந்ததா? இருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதன் பிறகு உங்களுக்குத் தொந்தரவு தர மாட்டேன்.

மன்னிப்புடன்,
ஸுமைரா


ஹேவாஹெட்ட,
20.01.2025

ஸுமைரா அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் அடக்கம் செய்தது என் மனைவி மூக்காயியை. முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளை எனக்குத் தெரியாதா? பதினாறாம் நாள் கருமாதியும் முடித்துவிட்டோம். மகள் யசோதினி இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள். அவள் கண்ணில் படாமல் உங்கள் கடிதத்தை மறைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

வீரையா


கெலிஓயா,
27.01.2025

மதிப்புக்குரிய வீரையா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். கோபிக்காதீர்கள். தழும்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதைத் திரும்பக் கேட்கப் போவதில்லை.

இது வேறு விஷயம். உங்கள் மனைவி அந்தச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார் என்றும், மழைக்கு ராத்தா அங்கேதான் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றும் பாடசாலை அதிபர் சொன்னார். நீங்கள் அன்று அந்தப் பக்கம் போனீர்களா? ராத்தாவைக் கண்டீர்களா? கறுப்பு அபாயா, சாம்பல் நிற ஸ்கார்ப், மூக்குக் கண்ணாடி.

எனக்கு இங்கே ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவுகிறேன். கடையில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை இன்னொருவருக்கு நீட்டிவிட்டு, நல்ல வேளை, அவர் படியிறங்கும் முன் ஓடிப்போய் வாங்கினேன். எங்கள் உம்மா பக்கவாதத்தில் படுக்கையில் இருக்கிறார். பின்னேரம் நாலரை மணிக்குக் கம்பளை பஸ்ஸின் சத்தம் கேட்டால் போதும், "றம்லத் வந்திட்டாளா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்று சொல்கிறேன். மூன்று மாதமாக அதையே சொல்கிறேன்.

கண்டிருந்தால் எழுதுங்கள். காணவில்லை என்றாலும் எழுதுங்கள்.

ஸுமைரா


ஹேவாஹெட்ட,
09.02.2025

தங்கச்சி ஸுமைராவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாளுக்கு மேல் அலைந்தேன். வேலைக்குப் போனால் தொழிற்சாலையில் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் தேயிலைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்கிறார்கள்.

உங்கள் அக்காவைக் கண்டேன்.

அன்று பகல் ஒன்றரை இருக்கும். மழை விடாமல் அடித்தது. டீச்சர் முழுக்க நனைந்து பஸ்ஸுக்கு நின்றார். மூக்காயிதான் கூப்பிட்டாள். "டீச்சர், உள்ள வந்து உக்காருங்க, பஸ்ஸு வந்தா நானே சொல்றேன்." டீச்சர் உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த துணியும் ஈரம், அதனால் இன்னும் மங்கிப் போனது. அதைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். மூக்காயி தன் துவாயைக் கொடுத்தாள். இஞ்சி போட்டுப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். பாடசாலையில் எந்த வகுப்பு என்று விசாரித்தாள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு என்றார். எனக்குக் கணக்கே வராது டீச்சர், அதனால்தான் கொழுந்து நிறுக்கையில் கணக்கப்பிள்ளை என்னை ஏமாற்றினான் என்று மூக்காயி சொன்னாள். அதற்கும் சிரிப்பு.

டீச்சர் போனை எடுத்து இரண்டு மூன்று தரம் அழைத்துப் பார்த்தார். சிக்னல் இல்லையா என்று நான் கேட்டேன். "போகுது, அவ எடுக்கிறா இல்ல. எண்ட தங்கச்சிக்கிக் கோவம். பரவாயில்ல, பின்னேரம் வீட்டுக்குத்தானே போறேன்" என்றார்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். ஆனால் நீங்கள் கேட்டீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

வீட்டுக் கூரைத் தகரத்தைக் காற்று தூக்கும், போய்க் கல் வையுங்கள் என்று மூக்காயி என்னை அனுப்பினாள். நான் மேலே எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறி இரண்டு கல் வைத்தேன். மூன்றாவது கல்லைத் தூக்கும்போது சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கடை இல்லை, பாதையும் இல்லை.

இனி எழுதுவதை யசோதினிக்கும் சொன்னதில்லை.

ஒன்பதாம் நாள் என்னை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார்கள். துணியைத் தூக்கிக் காட்டினார்கள். தங்கச்சி, அதில் பார்க்க ஒன்றும் இல்லை. முகம் இல்லை. உடுப்பும் இல்லை. நீளமான தலைமுடி இருந்தது, இரண்டு கால்கள் இருந்தன. மூக்காயி காலில் மெட்டி போட்டிருப்பாள். அந்தக் காலில் மெட்டி இல்லை. மண் கழற்றியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை நான் பார்க்கவில்லை. பார்த்தால் வேறு யாராகவாவது ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. வெளியே யசோதினி ஒன்பது நாளாகத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு உடல் வேண்டியிருந்தது. ஆமாம், இவள்தான் என்று சொல்லிவிட்டேன்.

மூக்காயிக்குக் கையில் தழும்பு கிடையாது.

வீரையா


கெலிஓயா,
15.02.2025

வீரையா அண்ணனுக்கு,

உங்களை அண்ணன் என்று எழுத அனுமதிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அன்று ராத்தாவின் மூன்று அழைப்புகளும் என் போனில் இன்னும் இருக்கின்றன. 1.38, 1.41, 1.42. போன் என் கையில்தான் இருந்தது. பெயரைப் பார்த்தேன். எடுக்கவில்லை. அவ்வளவு தூரத்துப் பாடசாலையை ஒப்புக்கொண்டு, உம்மாவை என் தலையில் போட்டுவிட்டுப் போகிறாள் என்று அன்று காலையில்தான் சண்டை போட்டேன். "நீ வாழப் போறாய், நான் இஞ்ச கெடந்து சாகிறேன்" என்று சொன்னேன். இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கேட்டுவிட்டுப் போனவள் உங்கள் கடையில் சிரித்த முகத்தோடு இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

ராத்தாவின் கடைசி நேரத்தில் கையில் சூடான தேத்தண்ணி இருந்தது. உங்கள் மனைவி துவாய் கொடுத்தார். மூக்காயி அக்காவுக்காகவும் நான் துஆச் செய்கிறேன். அதில் தவறு இருந்தால் அல்லாஹ் மன்னிக்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. உங்கள் கடிதத்தை மஹ்மூத் நானா படித்துவிட்டார். நான் காட்டவில்லை, அலுமாரியில் இருந்து எடுத்திருக்கிறார். "எங்கட தங்கச்சியக் குளிப்பாட்டல்ல, கபன் துணி போடல்ல, தொழுவிக்கல்ல. பொய் சொல்லிக் கொண்டுபோய்ப் பொதச்சிருக்கிறான். நான் சும்மா இருக்கிறதா?" என்றார். சட்டத்தரணியிடம் போயிருக்கிறார். உங்களையும் தேடி வருவார். வாய் கடினம், ஆள் அப்படியல்ல. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸுமைரா


ஹேவாஹெட்ட,
26.02.2025

தங்கச்சி ஸுமைராவுக்கு,

உங்கள் அண்ணன் வந்தார். லயத்து வாசலில் நின்று பொய்யன் என்றார். எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். பொய் சொன்னவனைப் பொய்யன் என்றுதானே சொல்ல வேண்டும்? யசோதினிக்கு அப்படித்தான் விஷயம் தெரிந்தது.

அவர் போன பிறகு எனக்கு வேறொன்று உறைத்தது. இவ்வளவு நாளும் அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அதன் பக்கத்தில் போகாமல் இருந்தேன்.

அன்று கடைக்குள் இருந்தது இரண்டு பெண்கள். ஒன்பது நாளும் பெக்கோ இயந்திரம் கடை இருந்த இடத்தில்தான் தோண்டியது. கடைக்காரியின் உடல் கிடைத்துவிட்டது என்று நான் சொன்ன பிறகு, டீச்சர் கடைக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றிருப்பார் என்று எண்ணி இயந்திரத்தைக் கீழே ஆற்றுப் பக்கம் கொண்டுபோனார்கள். மூன்று நாளில் நிறுத்திவிட்டார்கள். நான் புதைத்தது உங்கள் அக்கா என்றால், மூக்காயி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். என் ஒரு வார்த்தையால்தான் அங்கே தோண்டுவது நின்றது.

நேற்றுப் பொலிசுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். குழியைத் திறக்க எனக்குச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் யசோதினி கேட்டாள்: "அம்மாவ ரெண்டாந் தடவையும் சாகடிக்கிறீங்களா அப்பா?" அதன் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் போட்டு வைக்கிறாள்.

வீரையா


கெலிஓயா,
03.03.2025

வீரையா அண்ணனுக்கு,

வேண்டாம். நீதிமன்றத்தில் போய் வேண்டாம் என்று சொல்லுங்கள். நானும் நானாவிடம் சொல்கிறேன்.

தேடிப் போனது நான்தான். இப்போது எனக்குத்தான் பயமாக இருக்கிறது. திறந்து பார்த்து அது ராத்தா என்றால், உங்களிடமிருந்து உங்கள் மனைவியைப் பறித்தவள் நான். ராத்தா இல்லை என்றால், எனக்கு அந்த நினைப்பும் இல்லாமல் போய்விடும். இந்த இரண்டு மாதமாக, எங்கேயோ ஒரு மேட்டில் ராத்தாவின் மேல் ஒருவர் பூ வைக்கிறார், விளக்கு வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் கடைக்குப் போய் வருகிறேன். எங்களில் விளக்கு வைப்பதில்லை. இருந்தும் அந்த நினைப்பு எனக்குப் போதும்.

மௌலவியிடம் விசாரித்தேன். உடல் இல்லாமலே நாங்கள் முன்பு தொழுத தொழுகை போதும் என்றார். நடந்தது நடந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள், ஒரே மண் மூடியது. யாருடைய உடல் என்று பிரித்து என்ன ஆகப் போகிறது? யசோதினியைப் பாருங்கள், அவள் உயிரோடு இருக்கிறாள்.

உங்கள் பதில் வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

ஸுமைரா


ஹேவாஹெட்ட,
10.03.2025

தங்கச்சி ஸுமைராவுக்கு,

நீங்கள் எழுதியது நியாயம்தான். ஆனால் அந்த மேட்டுக்குப் பூக் கொண்டுபோகும் நேரமெல்லாம் எனக்குக் கால் கூசுகிறது. யாரைக் கும்பிடுகிறேன் என்று தெரியாமல் கும்பிட முடியவில்லை. உங்கள் உம்மாவும் பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடக்கிறார். அதை நீங்களே எழுதிவிட்டு, பிரித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கிறீர்கள்.

வருகிற பத்தொன்பதாம் திகதி, புதன்கிழமை. நீதவான் வருவார். உங்கள் அண்ணனை வரச் சொல்லுங்கள்.

வீரையா


கெலிஓயா,
30.03.2025

வீரையா அண்ணனுக்கு,

பத்து நாளாகிவிட்டது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

தகடு இருந்தது என்று நானா போனில் சொன்னதும் நான் முதலில் நினைத்தது ராத்தாவை அல்ல, உங்களைத்தான். வேறு ஒரு சோதனையும் தேவைப்படவில்லை என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது என்றார். பக்கத்தில் நின்ற நீங்கள் அங்கேயே தரையில் குந்திவிட்டீர்கள் என்று அவர் சொல்லவில்லை. கூடப் போன எங்கள் மச்சான் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டி திறக்கவில்லை. உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் சற்று நேரம் வைக்கச் சொன்னேன். உம்மா வலது கையை நீட்டிப் பலகையைத் தொட்டார். "வந்திட்டாளா?" என்று கேட்டார். "வந்திட்டா உம்மா" என்றேன். அவர் அழவில்லை. எனக்குத்தான் முடியவில்லை. அன்றிலிருந்து நாலரை மணிக்கு அவர் ஒன்றும் கேட்பதில்லை.

அடக்கம் செய்யும் மையவாடிக்கு எங்கள் பெண்கள் போவதில்லை. அங்கே நடந்ததை நான் காணவில்லை. நானா திரும்பி வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் கதிரையில் இருந்தார். கேட்டதற்குப் பதில் இல்லை. நீங்களும் வந்திருந்தீர்கள் என்று மட்டும் அறிந்தேன். ராத்தாவைக் கடைசியாகக் கண்டதை எனக்குச் சொன்னவர் நீங்கள். இதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மூக்காயி அக்காவைத் தேடத் தொடங்கிவிட்டார்களா? அதையும் எழுதுங்கள். நல்ல செய்தி இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ஸுமைரா


ஹேவாஹெட்ட,
04.05.2025

அன்புத் தங்கச்சி ஸுமைராவுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. ஒரு முடிவு தெரிந்த பிறகு எழுதுவோம் என்று இருந்தேன்.

முதலில் நீங்கள் கேட்டது. நான் உங்கள் மையவாடிக் கேற்றுக்கு வெளியேதான் நின்றேன். உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. போக மனமும் வரவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. எல்லாரும் வரிசையாக நின்று தொழுதது மதிலுக்கு மேலால் தெரிந்தது. இறக்கும் நேரம் உங்கள் அண்ணன் கேற்றுக்கு வந்தார். லயத்து வாசலில் பேசியதுபோல ஏதாவது பேசப் போகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்தார். "உள்ளுக்கு வாங்க. அஞ்சு மாசம் நீங்கதானே பாத்துக்கிட்டது" என்றார்.

மற்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். அவர் மூன்று பிடி மண் போட்டார். எனக்கும் அப்படியே போடச் சொன்னார். போட்டேன். அந்த உடலுக்கு நான் ஏற்கெனவே ஒரு தடவை மண் போட்டவன். அன்று மூக்காயி என்று சொல்லி அழுதேன். இந்த முறை றம்லத் டீச்சர் என்று மனதில் சொல்லிப் போட்டேன். ஆனால் அழுகை அதே அழுகையாகத்தான் வந்தது. மாற்றிப் புதைத்ததற்காக அக்காவிடம் மன்னிப்பும் கேட்டேன். உங்கள் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவரும் அழுதார். அதனால்தான் வீட்டில் பேசாமல் இருந்திருப்பார்.

இங்கே வந்து வெறும் குழியை நானே மூடினேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

தேடுதல் ஏப்ரல் ஏழாம் திகதி தொடங்கியது. நீதவான் கட்டளை போட்டிருந்தார். ஆறு நாள் தோண்டினார்கள். கடைக் கூரையின் தகரம் கிடைத்தது, ஒரு பெஞ்சின் கால் கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் பகல் மேலே மலையில் புதிதாக ஒரு வெடிப்பைக் கண்டார்கள். என் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், முழங்கைவரை போனது. பொறியியலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். கட்டளை இருக்கிறது, நீங்கள் வேண்டும் என்றால் இன்னும் இரண்டு நாள் தோண்டலாம், ஆனால் மேலே உள்ளது எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார்.

நான் கீழே பார்த்தேன். பெக்கோ ஓட்டுகிறவர் குழிக்குள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன் நிழலில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். எம்பிலிபிட்டியப் பக்கத்துச் சிங்கள ஆள். ஆறு நாளும் வாளியை மண்ணில் இறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவார். ஓரிடத்திலும் வேகமாகக் குத்தவில்லை. மண்ணுக்குள் என் மனைவி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு மேலே அந்த வெடிப்பு இருந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

போதும், அவரை மேலே வரச் சொல்லுங்கள் என்றேன்.

இரண்டாம் தடவையும் என் வார்த்தையால்தான் தோண்டுவது நின்றது. முதல் தடவை பொய் சொல்லி நிறுத்தினேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. ஆனாலும் பாரம் குறைந்துவிட்டது என்று உங்களுக்கு எழுத மாட்டேன். குறையவில்லை. அந்த மனிதர் போகும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அவ்வளவு வேகமான சிங்களம் எனக்கு விளங்கவில்லை. விளங்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு பாதையை நிரவித் தார் போட்டார்கள். போன வெள்ளிக்கிழமை பஸ் விட்டார்கள். நேற்று எனக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் கிளினிக். பிரஷர் கூடிவிட்டது. யசோதினியும் கூட வந்தாள். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் நல்ல சனம். ஒரு பிள்ளை ஜன்னலால் எட்டிப் பார்த்தது. பின்னால் இரண்டு பேர் கல்யாண வீடு ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நடத்துனர் காசை வாங்கி மிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர்களைக் குறை சொல்லவில்லை, தங்கச்சி. எத்தனையோ பேருடைய இடத்துக்கு மேலால் நானும் இப்படித்தான் பேசிக்கொண்டு போயிருப்பேன். யாருடைய இடம் என்று எனக்கும் தெரிந்திருக்காது.

மூக்காயியின் கடை இருந்த சந்தி வளைவு வந்தது. புதுத் தாரில் பஸ் சத்தமில்லாமல் இறங்கியது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன். மிதிக்க முடியவில்லை. பக்கத்தில் யசோதினி என்னைப் பார்த்தாள். கேலி செய்வாள் அல்லது கோபிப்பாள் என்று நினைத்தேன். அவளும் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். வளைவு முடிந்து பாலம் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

உங்கள் அண்ணன்,
வீரையா